மூன்றாம் வளைவில் நாற்பத்தொரு மூச்சு

ஆயுத பூஜையன்று நவநீதனின் கார் பட்டறையில் சந்தனப் பொட்டு வாங்காமல் தப்பித்தது பூனை ஒன்றுதான். அதுவும் அவன் கைக்கு எட்டாத பரணில் படுத்திருந்ததால். மற்றபடி ஸ்பேனர், ஜாக்கி, கம்ப்ரஸர், போன வருடக் காலண்டர், பக்கத்து லேத் மயில்சாமியின் டிபன் கேரியர் என்று வரிசையாக எல்லாவற்றுக்கும் பொட்டு விழுந்தது. கழுவித் துடைத்து வெள்ளைத் துணியில் காயவைத்திருந்த ஏர்ஃப்ளோ மீட்டருக்கும் விழுந்தது.

இஞ்சினுக்குள் எவ்வளவு காற்று போகிறது என்று சொல்கிற சின்னக் கருவி அது. நடுவில் முடியைவிட மெல்லிய கம்பி ஒன்று சூடாக இருக்கும். காற்று பட்டால் ஆறும். எவ்வளவு ஆறுகிறது என்பதை வைத்துத்தான் இஞ்சினின் கம்ப்யூட்டர் பெட்ரோலை ஊற்றும். நவநீதன் பக்தியோடு வைத்த பொட்டு சரியாக அந்தக் கம்பியின் மேல் உட்கார்ந்து, காய்ந்து, அதற்கு ஒரு போர்வையாகிவிட்டது. அவன் அதை அப்படியே எடுத்துக் குழாயில் மாட்டினான். குங்குமம் வேறு கொஞ்சம் தூவியிருந்தான்.

நாலாம் நாள், ஊருக்குத் தெற்கே இருந்த கார் பந்தயத் தடத்தில் அவன் மனைவி தாரணி வண்டியை முழு மிதி மிதித்தாள். இஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் திணிக்கிற டர்போ ஒரு குடம் காற்றை உள்ளே தள்ளியது. போர்வைக்குள் இருந்த கம்பி ஒரு டம்ளர்தான் வந்தது என்று சொன்னது. கம்ப்யூட்டர் ஒரு டம்ளருக்கு உண்டான பெட்ரோலை ஊற்றியது. பெட்ரோல் போதாமல் இஞ்சின் கொதித்து உருகியதில் மூன்றாவது பிஸ்டனில் கட்டை விரல் நுழையும் ஓட்டை. விரலை விட்டுப் பார்த்ததும் நவநீதன்தான், சுட்டுக்கொண்டதும் அவன்தான்.

"ஏம் மாப்ள," என்றார் மயில்சாமி, பிஸ்டனை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து. "அடுத்த வருசம் மொட்டை போட்டுக் காது குத்தியும் வுட்டுரு. ஓட்டையாச்சு உபயோகமாகும்."

"சாமி கும்புட்டதுக்குச் சாமியே தண்டனை குடுத்தா நான் யார்கிட்டப் போயி சொல்றதுங்ணா?" என்றான் நவநீதன். எல்லோரும் சிரித்தார்கள். தாரணியும் சிரித்தாள். அவனுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அதுதான். எது உடைந்தாலும் முதலில் ஒரு ஜோக் அடிப்பான், அப்புறம்தான் ஸ்பேனரைத் தேடுவான்.

பெட்ரோல் வண்டிகள் சாலையில் ஓடத் தடை வந்து நாலு வருடமாகியிருந்தது. இனி அவற்றுக்குத் தடம் மட்டும்தான், ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். தாரணி வாரத்தில் ஆறு நாள் நூல் மில்லின் பரிசோதனைக் கூடத்தில் நூலை இழுத்து அறுத்துப் பார்ப்பாள். ஏழாம் நாள் நவநீதன் கட்டிய சின்னச் சிவப்பு வண்டியில் உட்கார்ந்து தன்னைவிடப் பத்து வயது குறைந்தவர்களைத் துரத்துவாள். மூன்று வருடமாக இரண்டாம் இடம். மூன்று முறையும் ஒரு வினாடிக்குள்தான் தோற்றிருக்கிறாள். இந்த மார்கழியில் நடக்கிற ஓட்டம்தான் கடைசி, அடுத்த வருடம் தடத்தையும் மூடிவிடுவார்கள் என்று பேச்சு.

எனவே புது பிஸ்டன் மட்டும் போதாது, புது மீட்டரும் வேண்டும் என்று அவளே முடிவு செய்தாள். அந்தப் புது மீட்டரோடு அதன் கம்பெனியிலிருந்து வந்தவன்தான் ஆல்வின்.

தூத்துக்குடிக்காரன். முப்பது வயது. சர்ச் கோயரில் பாடுகிற குரல். நெற்றியில் முடி விழுந்து விழுந்து எழுந்தது. அவன் பட்டறைக்குள் நுழைந்த முதல் நிமிடமே நவநீதன் தன் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டான். அதற்கப்புறம் இரண்டு மாதம் அதை வெளியே விடவில்லை.

"அண்ணே, பழைய மீட்டரு பெரிய டர்போவுக்குத் தாங்காது," என்றான் ஆல்வின், பனியன் துணிக்குள்ளிருந்து பளபளவென்று ஒரு குழாயை எடுத்து. "இது அகலம் சாஸ்தி. எவ்வளவு காத்து வந்தாலும் எண்ணிச் சொல்லிரும். ஆனா விசேசம் அது இல்ல. இன்னொண்ணு இருக்கு." சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு வெள்ளை வில்லையை உள்ளங்கையில் வைத்தான். "இது அக்காவோட ஹெல்மெட்டுக்கு."

"ஹெல்மெட்டுல என்னத்துக்கு மீட்டரு? அம்மிணிக்கும் டர்போ போடறயா?"

"கிட்டத்தட்ட அப்பிடித்தாண்ணே. டர்போ ஒரு சோம்பேறி. மிதிச்ச பொறவுதான எந்திக்கும்? அந்த அரை நொடியிலதான நீங்க தோக்குதீக. ஆனா மனுசன் ஆக்சிலேட்டர மிதிக்கதுக்கு முந்தி ஒரு மூச்சு இழுப்பான். எல்லாரும்தான். அவனுக்கே தெரியாது. ஆஸ்பத்திரில மூச்சுத் திணறுதவங்களுக்குச் செஞ்ச சாமான் இது. எங்க கம்பெனிக்காரன் அத ஹெல்மெட்டுல வச்சிட்டான். அக்கா மூச்சு இழுத்ததும் டர்போ எந்திச்சு நிக்கும். மிதிக்கும்போது ரெடியா இருக்கும்."

"அதாவது இஞ்சின் குடிக்கற காத்தையும் அளக்கும், என்ற சம்சாரம் குடிக்கற காத்தையும் அளக்கும்."

"ரெண்டையும் சேத்துத்தாண்ணே அளக்கும்."

"கல்யாணமாயி பதினாலு வருசத்துல நானே அளந்ததில்லையப்பா," என்றான் நவநீதன். ஆல்வின் சிரித்தான். தாரணி வில்லையை வாங்கி ஹெல்மெட்டுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மீட்டர் அவளுடைய மூச்சைப் பழக வேண்டியிருந்தது. அதற்காக அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு தடத்தைச் சுற்ற, ஆல்வின் மடிக்கணினியோடு ஓரத்தில் உட்கார்ந்து மைக்கில், "நல்லா இருக்குக்கா. சும்மா விடுங்க. இழுங்க. ஆங், அப்பிடித்தான்," என்று சொல்லிக்கொண்டிருந்தான். வேறொருவன் தன் மனைவிக்கு மூச்சு விடச் சொல்லித் தருவதைப் பத்தடி தள்ளி நின்று வேடிக்கை பார்ப்பது எப்படி இருக்கும் என்று உலகத்தில் அதிகம் பேருக்குத் தெரிந்திருக்காது. நவநீதனுக்குத் தெரிந்தது. ஒரு நட்டை மூன்று முறை கழற்றி மாட்டினான்.

அக்கா என்று கூப்பிடுகிறானே என்று மனதின் ஒரு பாதி சமாதானம் சொன்னது. மறுபாதி அதை ஏற்கவில்லை. தானும் ஒரு காலத்தில் தாரணியை 'மேடம்' என்று கூப்பிட்டவன்தானே.

உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், பொறாமை அவனுக்குப் புதிதில்லை. அவள் தோள்பட்டைக்கு மருத்துவம் பார்த்த பிசியோதெரபிஸ்ட் மேல் ஆறு மாதம் பொறாமைப்பட்டான். டயர் விற்கிற ஈரோட்டுக்காரன் மேல் ஒரு வருடம். மில்லில் புதிதாக வந்த மேனேஜர் மேல், அவருக்கு அறுபது வயது என்று தெரிகிறவரை. சண்டை போடமாட்டான், குரலை உயர்த்தமாட்டான். ஜோக் அடிப்பான், அவ்வளவுதான். "உன்ற பிசியோ கையில மந்திரம் இருக்குதாட்ட, தோளு வலின்னு போயிட்டு மொகமெல்லாம் மினுங்குது" என்பான், விருந்தாளிகள் முன்னால். எல்லோரும் சிரிப்பார்கள். ஜோக் அடிக்கிறவனை யாரும் பொறாமைக்காரன் என்று சொல்லமாட்டார்கள் என்பது அவன் கண்டுபிடிப்பு.

மீட்டர் வேலை செய்தது. வண்டி பழைய நேரத்தைவிட இரண்டு வினாடி குறைவாகச் சுற்றியது. அவள் இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றியபோது முகம் பள்ளிக்கூடம் விட்ட மாதிரி இருந்தது. ஆனால் மூன்றாவது வளைவில் மட்டும் ஏதோ இடித்தது. அங்கே வண்டி ஒரு கணம் தயங்கியது. டர்போ எழுந்து, உடனே உட்கார்ந்துவிட்டது. அந்த ஒரு கணத்தை விட்டால் போதும், முதலிடம் போய்விடும்.

"ஏன் அங்க மட்டும்?" என்று நவநீதன் கேட்டான்.

ஆல்வின் திரையைப் பார்த்தான். தாரணியைப் பார்த்தான். தாரணி அவனை ஒரு பார்வை பார்த்தாள். "பாக்கேண்ணே," என்று திரையை மூடினான்.

அன்றிலிருந்து அவர்கள் இருவரும் தனியாகப் பேச ஆரம்பித்தார்கள். நவநீதன் வந்தால் பேச்சு நிற்கும். ஒரு முறை, "சொல்லிரலாம்லாக்கா," என்று ஆல்வின் சொல்வதும், "வேண்டாம், நீங்க வாக்குக் குடுத்திருக்கீங்க," என்று அவள் சொல்வதும் காதில் விழுந்தது. அவன் தடத்தின் பக்கமே திரும்பி நின்று ஒரு பழைய பாட்டை விசிலடித்தான். சுருதி சேரவில்லை.

ஓட்டத்துக்கு முந்தின வாரம் முழுக்கத் தாரணி மில்லுக்கு லீவு போட்டிருந்தாள். புதன்கிழமை ஆல்வின் கையைப் பிசைந்துகொண்டு வந்து நின்றான். "அண்ணே, ஞாயித்துக்கெழமை ஓட்டத்துக்கு ரேடியோவ நா பாக்கட்டுமா?"

ரேடியோ என்றால், ஓடும்போது தாரணியின் காதில் பேசுகிற குரல். முன்னால் யார் இருக்கிறார்கள், எங்கே எண்ணெய் சிந்தியிருக்கிறது, எத்தனை சுற்று பாக்கி, எல்லாம் அந்தக் குரல்தான் சொல்லும். எட்டு வருடமாக அந்தக் குரல் நவநீதனுடையது. வண்டி அவள் கையில், அவள் காது அவன் பேச்சில். அவர்கள் கல்யாணத்தில் மிச்சமிருந்த ஒரே தனியறை அது என்று அவன் நினைத்திருந்தான்.

"எதுக்கு?" என்றான்.

"சும்மா ஒரு மாத்தத்துக்கு."

"ட்ரை பண்ணிப் பாக்கலாங்க," என்றாள் தாரணி, கையுறையைப் பார்த்துக்கொண்டே.

"ஏன்? என்ற குரலு கட்டக் குரலுங்கறதாலயா? ஆல்வின் தம்பி பாட்டுக்காரன். மூணாவது வளைவுல ஒரு கீதம் பாடினாப்டின்னா நீ அப்படியே மெதந்து போயிருவ." வழக்கம்போல் சிரித்தான். இந்த முறை வேறு யாரும் சிரிக்கவில்லை. "காரணத்தச் சொல்லுங்க. யாராச்சும் ஒருத்தரு சொல்லுங்க."

"அத அக்காகிட்டயே கேளுங்கண்ணே," என்றான் ஆல்வின். "மூச்சு அவங்களோடது. நா அதப் பத்திப் பேசப்படாது."

"இஞ்சினுக்கு எண்ணெ மாத்தோணும்," என்றாள் தாரணி. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மறுநாள் மத்தியானம் அவர்கள் இருவரும் டீ குடிக்கப் போனார்கள். மடிக்கணினி மேசை மேல் இருந்தது. பட்டறைக்கு வந்த முதல் நாளே ஆல்வின் எவ்வளவோ சொல்லியிருந்தான். மூச்சுப் பதிவை அக்காவைக் கேட்காமல் யாரும் திறக்கக்கூடாது, ஒருத்தருடைய மூச்சைப் படிப்பது அவர்கள் டைரியைப் படிப்பதைவிட மோசம், எப்போது பயந்தார்கள், எப்போது பொய் சொன்னார்கள், எல்லாம் அதில் இருக்கும் என்று. அப்போது நவநீதன் பெரிய மனுஷனாகத் தலையாட்டியிருந்தான். ஆனால் அந்தப் பதிவின் கடவுச்சொல்லை அவள் அடிக்கும்போது பக்கத்தில் நின்றிருந்தான். அவனுடைய பெயர்தான் கடவுச்சொல். அதைப் பார்த்தபோது வந்த சந்தோஷத்தை வைத்தே இப்போது திருடினான்.

திரையில் அவளுடைய மூச்சு அலையலையாக ஓடியது. ஏறி, இறங்கி, ஏறி. கடற்கரையை மேலே இருந்து பார்ப்பது போல. நடுநடுவே அலை அறுந்து, நேர்கோடாகக் கிடந்தது. ஒன்றரை வினாடி, இரண்டு வினாடி. அங்கெல்லாம் அவள் மூச்சே விடவில்லை. எண்ணினான். மூன்றாவது வளைவில் மட்டும் நாற்பத்தொன்று.

டர்போ உட்கார்ந்த காரணம் புரிந்துவிட்டது. அவள் மூச்சை நிறுத்தினாள், மீட்டர் குழம்பியது. இனித் தெரிய வேண்டியது ஒன்றுதான். யாருக்காக நிறுத்தினாள்?

ரேடியோவில் பேசியதெல்லாம் அதே பதிவின் அடியில் இருந்தது. பழகும் நாட்களில் ஆல்வினும் பேசியிருந்தான், அவனும் பேசியிருந்தான். முதல் நேர்கோட்டில் விரலை வைத்து அழுத்தினான். ஆல்வினின் கோயர் குரல் வரப்போகிறது என்று பல்லைக் கடித்தான்.

'மூணாவது வளைவு, மெதுவா அம்மிணி. அங்க கொடி புடிச்சு நிக்கறவன் நல்லா மீசை வெச்சிருக்கான், பாத்துட்டே நேராப் போயிராத.'

அவனுடைய குரல்.

இரண்டாவதை அழுத்தினான். 'வந்துட்டயா? ஈரோட்டு டயர்க்காரன் பத்து நிமிசமா உன்னையவே பாத்துட்டு நிக்கறான், ஒரு கையாட்டிட்டுப் போ.' அவன்தான். பத்தாவது, அவன். இருபத்தேழாவது, அவன். மூன்றாவது வளைவில்தான் வண்டி அவன் நிற்கிற இடத்துக்கு நேராகத் திரும்பும், அதனால் அங்கேதான் அவனுக்கு வாய் திறக்கும். நாற்பத்தொன்றும் அவன்தான். ஆல்வின் பேசிய இடங்களில் அவள் மூச்சு தூங்குகிற குழந்தை மாதிரி ஏறி இறங்கியது. அங்கே ஒன்றும் இல்லை. ஒரு சுருக்கம்கூட இல்லை.

நவநீதன் இரண்டு மாதமாக இழுத்துப் பிடித்திருந்த வயிற்றை வெளியே விட்டான்.

நேராக மயில்சாமியின் லேத்துக்குப் போனான். "அண்ணா, என்ற குரலக் கேட்டா தாரணிக்கு மூச்சே நின்னு போகுதுங்ணா. மிசின் சொல்லுது. பதினாலு வருசம் கழிச்சும்!"

மயில்சாமி லேத்தை நிறுத்தினார். "பல் டாக்டரு வாயத் தொறங்கன்னா எனக்குங்கூட மூச்சு நிக்குது மாப்ள."

"உங்களுக்குப் பொறாமை."

"இருக்குமாட்டம்," என்று லேத்தை மறுபடி ஓடவிட்டார்.

சனிக்கிழமை காலை. கடைசி ஓட்டம் என்பதால் தடத்தை ஒரு நாள் முன்னாலேயே திறந்திருந்தார்கள். தகுதிச் சுற்றுக்கு இன்னும் ஒரு மணி நேரம். தாரணி ஓட்டுகிற உடுப்பை இடுப்புவரை இறக்கிக் கட்டிக்கொண்டு, அடுக்கிய டயர்கள் மேல் உட்கார்ந்து தக்காளி சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஆல்வின் தூரத்தில் வண்டியின் மூடியைத் திறந்துவைத்து உள்ளே குனிந்திருந்தான். நவநீதன் புதுச் சட்டை போட்டிருந்தான்.

"ரேடியோ விசயமா ஒரு முடிவுக்கு வந்துட்டேன்," என்றான். "நானே பேசறேன். ஆனா கொறச்சுப் பேசறேன். என்ற குரலு உன்ன அந்த அளவுக்கு மயக்குதுன்னா வண்டிக்குக் கஷ்டந்தான."

அவள் கை சாதத்தில் நின்றது. "பதிவப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"என்னக் கேக்காம."

"தப்புத்தான். ஒத்துக்கறேன். ஆனா பாத்ததுல நல்லதுதான இருந்துச்சு? நான் அந்தப் பையன் பேசறப்பதான் உனக்கு நிக்குதுன்னு நெனச்சுட்டுப் போனேன். பாத்தா, எல்லாம் நானு. நாப்பத்தொரு தடவ. சினிமாக் கதாநாயகிக்குக்கூட ஒரு படத்துல ரெண்டு தடவதான் நிக்கும்."

அவள் சிரிக்கவில்லை. டப்பாவை மூடி, பக்கத்தில் வைத்து, கையைத் துடைத்தாள். தூரத்தில் யாரோ ஒரு இஞ்சினை உறுமவிட்டு அணைத்தார்கள்.

"ஆல்வின எனக்குப் புடிக்கும்," என்றாள். "தம்பி மாதிரி. அதுல வேற ஒண்ணும் இல்ல. அதுக்கு முந்தி பிசியோகிட்டயும் இல்ல, டயர்க்காரர்கிட்டயும் இல்ல. நீங்க நேராக் கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன். நீங்க ஒரு நாளும் நேராக் கேட்டதில்ல."

"இப்பக் கேக்கறேன். நான் பேசினா உனக்கு மூச்சு..."

"சிரிக்காமக் கேளுங்க."

அப்போதுதான் தான் சிரித்துக்கொண்டிருப்பது அவனுக்குத் தெரிந்தது. உதட்டை எப்படி மூடுவது என்று கொஞ்ச நேரம் தெரியவில்லை. மூடினான். அவள் பக்கத்தில் இருந்த டயரில் உட்கார்ந்தான். அதன் கரி புதுச் சட்டையின் ஓரத்தில் ஒட்டியது.

"நான் பேசினா உனக்கு மூச்சு ஏன் நிக்குது தாரணி?"

"பயமா இருக்குங்க."

"என்னப் பாத்தா? நான் உன்ற மேல ஒரு நாளாச்சும் கை நீட்டியிருக்கனா? கத்தியிருக்கனா?"

"இல்ல. கத்தியிருந்தீங்கன்னா நானும் கத்தியிருப்பேன். நீங்க சிரிக்க வெக்கறீங்க. எல்லாரும் சிரிக்கறாங்க. நான் மட்டும் மொறச்சா எனக்குத்தான் தமாசு புரியலன்னு ஆயிரும். அதனால நானும் சிரிக்கறேன். அந்த ரேடியோ தொறக்கற சத்தம் கேட்டதும், இப்ப யாரோட என்னச் சேத்து வெச்சுப் பேசப் போறாரோன்னு நெனைக்கறேன். நீங்க பேசி முடிச்சு, இன்னைக்கு வெறும் எண்ணெ சிந்துனதப் பத்தித்தான் சொன்னாருன்னு தெரியற வரைக்கும் மூச்சு விடறதில்ல. நான் வேணும்னு செய்யலீங்க. அதுவா நின்னுக்குது." அவள் அவனை நேராகப் பார்த்தாள். "மூணாவது வளைவுல மட்டுமில்லீங்க. வீட்டுலயும் அப்படித்தான். அங்க மீட்டர் இல்ல, அவ்வளவுதான்."